காது மிஷின் வாங்கியாச்சு... பொருந்தியாச்சா?

உங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய மூக்குக் கண்ணாடி, நின்றுபோன கைக்கடிகாரம், எப்போதோ எடுத்த எக்ஸ்ரே கவர்... இவற்றுக்கு நடுவே குட்டியாக ஒரு டப்பாவும் இருக்கிறதா? திறந்தால் உள்ளே மெத்தை போட்டுப் பத்திரமாகத் தூங்கும் ஒரு காது மிஷின்! "தாத்தாவுக்குப் போட்டுப் பார்த்தோம், ஒத்து வரலை" என்பீர்கள். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் மட்டுமல்ல, உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். ஆயிரக்கணக்கில், சில வீடுகளில் லட்சத்துக்கும் மேல் பணம் போட்டு வாங்கிய கருவி பீரோவுக்குள்ளே. தாத்தாவோ திண்ணையில், யார் பேச்சிலும் கலந்துகொள்ளாமல், பேப்பரை மூன்றாம் தடவையாகப் புரட்டிக்கொண்டு.

மிஷின் மோசமா? பெரும்பாலும் இல்லை. பொருத்தும் வேலை பாதியில் நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிய நிமிஷமே எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அதே நினைப்பில்தான் காது மிஷினையும் வாங்குகிறோம். ஆனால் வாங்கி வருகிற அன்றைக்கு அது டிரையல் பார்க்கக் கொடுத்த ஜாக்கெட் மாதிரி. கை பிடிக்கிறதா, தோள் இறக்கம் சரியா என்று போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி தைத்தால்தான் அது நம்முடையதாகும். காது மிஷினுக்கு இந்த வேலை முடிய ஒன்றரை மாதமாவது பிடிக்கும். குறைந்தது மூன்று, நான்கு தடவையாவது நடக்க வேண்டியிருக்கும். நடந்தவர்கள் வீட்டில் மிஷின் காதில் இருக்கிறது. நடக்காதவர்கள் வீட்டில் பீரோவில்.

'வயசாச்சு, கேட்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?' என்று விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும், முதுமையில் வரும் மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடிய ஒன்றாகக் காது மந்தத்தைச் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ளவர்களை மூன்று வருஷம் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், காது மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவாற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே மறதி நோய் அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம், நினைவு மங்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மிஷின் போட்டால் மறதி வராது என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். பேச்சுத்துணை இல்லாமல் ஒதுங்கிப்போகிற மனுஷனை மறுபடி கூடத்துக்கு இழுத்து வரும் என்பது மட்டும் நிச்சயம்.

கேக்கு... ஆனா வெளங்கல!

நம்ம பக்கத்து ஆச்சிகளைக் கேட்டுப் பாருங்கள். "கேக்கத்தான் செய்யி... என்ன பேசுதாவன்னுதான் வெளங்க மாட்டேங்கு" என்பார்கள். இதைவிடச் சரியாக எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஓசைகள். 'ஆ', 'ஓ' என்கிற உயிரோசைகள் கனமானவை, அவை கேட்டுவிடும். 'க', 'ச', 'த', 'ப' போன்றவை கூர்மையானவை, அவை நழுவிவிடும். கடை, சடை, தடை, படை எல்லாம் ஒரே வார்த்தையாகத் தெரியும். "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று மருமகள் சொல்ல, ஆச்சி வேறெதையோ புரிந்துகொண்டு பதில் சொல்ல, வீடே சிரிக்கும். நாலு தடவை இப்படி ஆனால் ஆச்சி பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெதுவாகப் பேசினால் கேட்காது, சத்தமாகப் பேசினால், "ஏன் இப்படிக் கத்துத? நான் என்ன செவிடா?" என்று கோபம் வரும். இது வீம்பு இல்லை. உள்காதின் நரம்பு முனைகள் பழுதுபட்டால் சின்னச் சத்தம் கேட்காது. பெரிய சத்தமோ எல்லோரையும்போல, சில சமயம் அதைவிட அதிகமாகவே குத்தும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் காது வலிக்கும் அளவுக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. அந்தக் குறுகிய சந்துக்குள் எல்லாச் சத்தத்தையும் அடக்கி ஓட்டுவதுதான் நல்ல மிஷினின் வேலை: மெல்லிய ஓசையை நிறையத் தூக்க வேண்டும், பலத்த ஓசையைக் கொஞ்சமாகத் தூக்க வேண்டும் அல்லது அப்படியே விட வேண்டும். சில நூறு ரூபாய்க்குத் தபாலில் வந்து சேரும் 'சத்தம் பெருக்கி'கள் இதைச் செய்வதில்லை. பேச்சையும் பாத்திரச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஊதிப் பெருக்குகின்றன. அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசான அல்லது மிதமான மந்தம் உள்ள பெரியவர்கள் சீட்டு இல்லாமலே காது மிஷின் வாங்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆனால் அவை அளவு வரையறைகளோடு தயாரிக்கப்படுபவை. அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

மிஷினுக்கு முன்னால் ஒரு இ.என்.டி. டாக்டரிடம் காட்டுவது அவசியம். குறும்பி அடைத்திருந்தாலே காது மந்தமாகும். அதை எடுத்ததும் மிஷினுக்கே வேலையில்லாமல் போனவர்கள் உண்டு. சீழ் வருகிறதா, ஒரு காதில் மட்டும் மந்தமா, தலைசுற்றல் உண்டா என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும். முக்கியமாக, நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று காலை திடீரென்று கேட்கவில்லை என்றால் மிஷின் கடைக்குப் போகாதீர்கள். அது அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் திரும்பக் கேட்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

அதன்பிறகு ஆடியோகிராம். மூடிய அறையில் ஹெட்போன் மாட்டி, 'கீ', 'பூம்' என்று விதவிதமான ஒலி கொடுத்து, எது எந்த அளவில் கேட்கிறது என்று வரைபடம் போடுவார்கள். அந்தத் தாளின் ஒரு நகலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். இனி வரப்போகும் எல்லாத் திருத்தத்துக்கும் அதுதான் ஜாதகம்.

காதுக்குள் அச்சு

பொருத்தத்தில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, காதுத் துவாரத்துக்குள் உட்காரும் துண்டு. இன்னொன்று, மிஷினுக்குள் ஏற்றும் கணக்கு. முதல் பாதியைப் பலர் சில்லறை விஷயமாக நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் மிஷின் பீரோவுக்குப் போவது பெரும்பாலும் இதனால்தான். வலிக்கிற செருப்பை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் யார் போடுவார்கள்?

லேசான மந்தத்துக்குக் குடை மாதிரியான சின்ன சிலிக்கான் தொப்பி போதும். மந்தம் அதிகமானால் உங்கள் காதுக்கென்றே அச்சு எடுத்து 'மோல்டு' செய்ய வேண்டும். காதுக்குள் நூல் கட்டிய சிறு பஞ்சுத் தடுப்பை வைத்து, பிசைந்த மாவு மாதிரியான சிலிக்கான் பசையை உள்ளே நிரப்பி, ஐந்து நிமிஷம்போல் இறுகவிட்டு எடுப்பார்கள். வலிக்காது, குளுகுளுவென்று காது அடைத்த மாதிரி இருக்கும். இங்கே ஒரு சூட்சுமம். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து, காதுத் துவாரத்தின் வடிவமே மாறுகிறது. ஆகவே பசை இறுகும்போது வாயைத் திறந்து மூடச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இல்லையென்றால் சும்மா இருக்கும்போது கச்சிதமாக இருக்கும் மோல்டு, வெற்றிலை போடும்போது கழன்று 'கீ...' என்று ஊளையிடும். பல் செட் கட்டப் போகிறவர்கள், முடிந்தால் பல் செட் முடிந்த பிறகு அச்சு எடுப்பது நல்லது. உடம்பு ரொம்ப மெலிந்தாலும் மோல்டு தளர்ந்துபோகும்.

மோல்டு வந்ததும் சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது காது. வலது காது மோல்டைப் போட இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மோல்டைச் சற்றே முறுக்கி உள்ளே தள்ளுங்கள். மேலே உள்ள கொம்பு போன்ற பகுதி காது மடிப்புக்குள் போய் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். 'காது மடல் புண்ணாகிறது' என்று வருகிறவர்களில் பலருக்கு மோல்டு தவறில்லை. அந்தக் கொம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வழுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நுழைவது கஷ்டமாக இருந்தால் ஆடியாலஜிஸ்ட் அதற்கென்றே ஒரு ஜெல் தருவார். அதைத் துளியாகத் தொட்டால் போதும். துவாரத்தின் வாயை அடைத்துவிடக் கூடாது.

சரியாகப் போட்டும் வலித்தால்? முதல் இரண்டு மூன்று நாள் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு சகஜம். வலி சகஜமில்லை. 'பழகினால் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எந்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்த்து, மோல்டில் அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுப்பது ஐந்து நிமிஷ வேலை. இரண்டு தடவை தேய்த்தும் சரிவராவிட்டால் புது அச்சு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சர்க்கரை நோயாளிகள் இன்னும் ஜாக்கிரதை. காதுக்குள் சின்னப் புண் அவர்களுக்குப் பெரிய வினையாகி, எலும்பு வரை போகக்கூடும். வலியோ நீரோ கண்டால் அந்தக் காதுக்கு அன்றே விடுமுறை, இ.என்.டி. டாக்டரிடம் காட்டிய பிறகுதான் மறுபடி மிஷின்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

இரண்டாவது பாதிக்கு வருவோம். முதல் நாள் கம்ப்யூட்டரில் மிஷினை இணைத்து, ஆடியோகிராம் அளவுகளைக் கொடுத்ததும், அது சராசரிக் காதை மனதில் வைத்து ஒரு கணக்குப் போட்டுவிடும். ஆனால் சராசரிக் காது யாருக்கும் கிடையாது! ஒரே மிஷின், ஒரே கணக்கு, இரண்டு பேர் காதுகளில் வேறு வேறு அளவில் ஒலிக்கும். துவாரம் சின்னதானால் ஒலி அதிகமாகும். அதனால்தான், நூல் மாதிரி மெல்லிய குழாயை மோல்டுக்குப் பக்கத்தில் செருகி, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று அளக்கும் முறை இருக்கிறது. 'ரியல் இயர்' அளவு என்பார்கள். "இங்கே ரியல் இயர் பார்ப்பீர்களா?" என்று மிஷின் விலை கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் இந்த வசதி இருக்காது. இல்லாவிட்டால், மிஷினோடு கேட்கும் அளவை அறைக்குள் உட்காரவைத்தாவது சோதிக்கிறார்களா என்று பாருங்கள். வெறுமனே "நல்லா கேக்குதா?" என்று கேட்டுவிட்டு பில் போடுகிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு காதிலும் மந்தம் இருந்தால், பணம் அனுமதித்தால், இரண்டுக்கும் போடுவதே நல்லது. ஒரு காதில் மட்டும் போட்டால் பஸ் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது.

முதல் நாள் வீட்டில் வியப்புகள் காத்திருக்கும். ஃபேன் சத்தம் பூதம் மாதிரி இரையும். காலடி ஓசை, பேப்பர் மடிக்கும் ஓசை, குழாய் சொட்டும் ஓசை எல்லாம் அணிவகுத்து வரும். வருஷக்கணக்கில் இவற்றை மறந்துபோயிருந்த மூளை, 'எது வேண்டும், எது வேண்டாம்' என்று பிரிக்கத் தெரியாமல் திணறுகிறது. அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் வீட்டுக்குள், ஒரே ஒருவர் பேச, மூன்று நான்கு மணி நேரம். அப்புறம் இரண்டு பேர், டி.வி. செய்தி, வாசல் திண்ணை. பத்துப் பதினைந்து நாளில் காலையில் பல் தேய்த்ததிலிருந்து படுக்கப் போகும்வரை காதிலேயே இருக்க வேண்டும். 'விருந்தாளி வந்தால் போட்டுக்கொள்கிறேன்' என்பவர்களுக்கு மிஷின் ஒருநாளும் ஒத்து வராது. விருந்தாளி வரும் நாள்தான் வீட்டில் இரைச்சல் அதிகம். பழகாத காதுக்கு அது பரீட்சை ஹாலில் புத்தகத்தைத் திறப்பது மாதிரி. இன்னொன்று: பல டிஜிட்டல் மிஷின்கள் தினம் எத்தனை மணி நேரம் ஓடின என்று தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. "தினமும் போடுதேன்" என்று தாத்தா கதை விட முடியாது!

இப்போது அந்த நோட்டு. அடுத்த சிட்டிங்கில் "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ஆடியாலஜிஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கே, எப்போது, எந்தச் சத்தம் என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் மிஷினில் ஒரு திருகு உண்டு.

'என் குரலே குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்கிறது' என்பது புதிதாகப் போடுகிறவர்கள் அடிக்கடி சொல்வது. காதை அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், உங்களுக்கும் அப்படித்தான் கேட்கும். மோல்டில் ஒரு சிறு காற்றுத் துவாரம் போட்டால், அல்லது இருப்பதைப் பெரிதாக்கினால், பெருமளவு குறையும். ரொம்பப் பெரிதாக்கினால் ஒலி வெளியே கசிந்து ஊளையிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு பிடிக்க வேண்டும். 'கரண்டி விழுந்தால், குக்கர் விசில் அடித்தால் தலைக்குள் குத்துகிறது' என்றால் பலத்த ஒலிக்கான உச்ச வரம்பை இறக்க வேண்டும். இதற்காக மொத்தச் சத்தத்தையும் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். பேச்சும் சேர்ந்து போய்விடும். 'ஆம்பளை குரல் புரியுது, பேத்தி பேசினா புரியலை' என்றால் கூர்மையான ஒலிகள் போதவில்லை. அதையே தலைகீழாக, 'எல்லாம் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கு' என்றால் அவை சட்டென்று அதிகமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் இறக்கி, வாரம் ஒரு படியாக ஏற்றலாம்.

ஊளைச் சத்தத்துக்குச் சத்தத்தைக் குறைப்பது மருந்தில்லை. முதலில் மோல்டைக் கழற்றித் திரும்ப அழுத்திப் போடுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும். அப்புறமும் ஊளையிட்டால் காதில் குறும்பி இருக்கலாம், மோல்டு தளர்ந்திருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம். அந்தக் குழாய் நாளாக ஆக மஞ்சளாகி விறைத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். போன் பேசும்போது மட்டும் ஊளையிடுகிறதா? காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினில் மைக் இருப்பது காது மடலுக்கு மேலே. போனைக் காதுத் துவாரத்தில் அழுத்தாமல் சற்று மேலே தூக்கிப் பிடியுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கம்மலோடு மாட்டல் போடுகிறவர்கள் கவனியுங்கள். காதுக்குப் பின்னால் போகும் அந்தச் சங்கிலி மிஷினில் உரசி 'கரகர'வென்று கேட்கும். மிஷின் பழுது என்று தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதேபோல திருநீறு பூசும்போதும் பவுடர் போடும்போதும் மிஷினைக் கழற்றி வைத்துவிடுங்கள். அந்தப் பொடி மைக் துவாரத்தில் இறங்கினால் மெல்ல மெல்லச் சத்தம் குறையும். காது இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

சாரல் காலம் வந்தால்...

நம்ம ஊருக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் அடித்தால் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஈரம் காது மிஷினுக்குள்ளும் போகும். வியர்வையும் சேர்ந்துகொண்டால் குழாய்க்குள் முத்துமுத்தாகத் தண்ணீர் கோத்து, விட்டு விட்டுக் கேட்கும். தினம் ராத்திரி மிஷினைத் துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவில் சொல்லியிருக்கிறபடி காயவைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அரிசிப் பானைக்குள் போடுவது, அடுப்படியில் காயவைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டாத வேலை.

குற்றாலத்தில் குளிக்கப் போகிறீர்களா? மிஷினை லாட்ஜிலோ வீட்டிலோ விட்டுவிட்டுப் போங்கள். 'வாட்டர் புரூஃப்' என்று அட்டையில் போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்தச் சோதனை அசையாத தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பது. பேரருவியும் ஐந்தருவியும் தலையில் இடி மாதிரி இறங்குவது வேறு. அதோடு, குளிப்பதற்கு முன்னால் எண்ணெய் மசாஜ் வேறு இருக்கிறதே! காது மடலில் எண்ணெய் வழிய வழிய மிஷினை மாட்டினால் ஒலி வரும் துவாரம் அடைபட்டுப்போகும். குளித்து முடித்து, தலையும் காதும் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரக் காதை மோல்டால் மூடினால் காளான் பிடித்து அரிப்பும் வலியும் வரும். அரிக்கிறது என்று காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது நம் வீடுகளில் இன்னும் போகவில்லை, தயவுசெய்து வேண்டாம். வெளியே கழற்றி வைத்தால் பைக்குள், ஜிப் போட்டு. குற்றாலத்துக் குரங்குகளுக்குச் சின்னப் பொட்டலம் எல்லாமே தின்பண்டம்தான்!

அருவிக்கரையில் மிஷின் போட்டிருந்தாலும் பேச்சு புரியாது. அது மிஷினின் குற்றமல்ல. அருவியின் இரைச்சலில் எல்லா ஓசையும் கலந்திருக்கிறது. நல்ல காது உள்ளவர்களே அங்கே கத்தித்தான் பேசுகிறார்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் ஆளையே தள்ளுகிற காற்று அடிக்கும் அல்லவா, அங்கே மைக்கில் 'புர்ர்ர்' என்று கேட்பதும் அப்படித்தான். முகத்தைச் சற்றுத் திருப்பினாலோ சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் பிடித்தாலோ குறையும். காற்றுச் சத்தத்தைத் தானே அடக்கும் வசதி பல மிஷின்களில் இருக்கிறது. உங்கள் மிஷினில் இருக்கிறதா என்று கேட்டு, சீசனுக்கு முன்னால் போட்டுத் தரச் சொல்லுங்கள். பரோட்டாக் கடையில் கொத்துச் சத்தத்துக்கு நடுவே சாப்பிடப் போனால் கல்லுக்கு முதுகு காட்டி, சுவர் ஓரமாக, பேசுகிறவர் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். முன்னால் வரும் ஒலியை மட்டும் கூடுதலாக எடுக்கும் மைக் உள்ள மிஷின்களுக்கு இது ரொம்பவே உதவும்.

பேட்டரி பற்றி இரண்டு வரி. பட்டன் மாதிரியான துத்தநாகப் பேட்டரி காற்றைக் குடித்து வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்து இரண்டு மூன்று நிமிஷம் காற்றாட வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். உரித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். அளவைச் சீட்டின் நிறத்தால் தெரிந்துகொள்ளலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கண் மங்கிய தாத்தா மாத்திரை என்று விழுங்கலாம். தவழும் பேரன் வாயில் போடலாம். விழுங்கியது தெரிந்தால், விழுங்கினாரோ என்று சந்தேகம் வந்தாலும், உடனே ஆஸ்பத்திரி.

சென்னையில் வாங்கலாமா?

மகன் சென்னையில் இருக்கிறான், லீவில் அப்பாவை அழைத்துப்போய் பெரிய ஷோரூமில் நல்ல மிஷினாக வாங்கித் தருகிறான். பாசம் சரி. ஆனால் அடுத்த வாரம் மோல்டு வலித்தால், பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்தா போவீர்கள்? போனிலேயே ஒலி அளவைத் திருத்தும் வசதி இப்போது சில மிஷின்களில் வந்திருக்கிறது, உண்மைதான். மோல்டைப் போனில் தேய்க்க முடியாதே! என் யோசனை: விலை கொஞ்சம் கம்மியான மிஷினாக இருந்தாலும் தென்காசியிலோ, 55 கிலோமீட்டர் தள்ளித் திருநெல்வேலியிலோ, காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடத்தில் வாங்குங்கள். பொருத்துகிறவர் பட்டம் படித்த ஆடியாலஜிஸ்ட்டா, பி.ஏ.எஸ்.எல்.பி. போன்ற படிப்பா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். எத்தனை சிட்டிங் விலையில் அடக்கம், சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாமா, ஒத்து வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சென்னையில் வாங்கியாயிற்று என்றால், அதே கம்பெனி மிஷினைப் பார்க்கிறவர் பக்கத்தில் யார் என்று கேட்டு, ஆடியோகிராமையும் மிஷினையும் எடுத்துப் போங்கள்.

பணம் பிரச்னையாக இருந்தால் அரசாங்க வழியும் உண்டு. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்துகொள்ளலாம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு இப்போது திருநெல்வேலி போக வேண்டியதில்லை, தென்காசியிலேயே விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ளவர்களுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினை இலவசமாகத் தருகிறார்கள். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்திலும் காது மிஷின் உண்டு; முகாம் நடக்கும் நாளை விசாரித்து வையுங்கள். ஒரு விஷயம்: முகாமில் கிடைக்கும் மிஷினோடு வருவது பொதுவான ரப்பர் நுனியாக இருந்தால், கைக்காசு கொஞ்சம் போட்டாவது காதுக்கேற்ற மோல்டு செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுக்களையிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, "மிஷின் போட்டும் கேக்கலியே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மிஷின் நன்றாக எடுப்பது ஆறடிக்குள் பேசுகிற பேச்சைத்தான். முன்னால் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ, கத்தாமல், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். சீரியல் ஓடும்போது முக்கியமான விஷயம் பேச வேண்டுமானால் டி.வி.யை நிறுத்திவிடுங்கள்.

சிட்டிங்குக்குப் போகும்போதும் யாரோ ஒருவர் துணைக்குப் போவதற்குப் பதிலாக, தாத்தாவோ ஆச்சியோ வீட்டில் யாரோடு அதிகம் பேசுவார்களோ அவரே போவது நல்லது. ஆடியாலஜிஸ்ட்டின் குரல் எல்லோருக்கும் தெளிவாகத்தான் கேட்கும். அவர் பேசிப் பழகியவர். உங்கள் வீட்டுக் குரல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பேத்தியின் குரல்தான் புரியவில்லை என்று நோட்டில் எழுதியிருந்தால் அவளைத் தாத்தாவுக்குப் பின்னால் நாலடி தள்ளி நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். பேசப் பேசத் திருத்தச் சொல்லுங்கள். அதற்குத் தோதாகப் பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து நேரம் கேட்டு வாங்குங்கள்.